ஜோசப் அண்ணன் செய்த சிறுத்தை

வந்திருந்தவர்கள்: பிரேமா மேடம், பெயிண்ட் ஷாப் ஜோசப் அண்ணன், வாட்ச்மேன் முனுசாமி அண்ணன், நான். வராதவர்கள்: "நானே நேரில் வந்து பார்த்துவிடுகிறேன்" என்று இரண்டு முறை போனில் சொன்ன ஹெச்.ஆர். மேனேஜர் சந்தானம் சார், அப்புறம், சிறுத்தை.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்கும். முதல் வரியில் யார் வந்தார்கள், யார் வரவில்லை. கடைசி வரியில் செலவு. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இது பிரேமா மேடம் போட்ட சட்டம். நான்கு வருடம் எழுதிப் பழகிய கை, இந்தக் கட்டுரையையும் வேறு மாதிரி தொடங்க மாட்டேன் என்கிறது.

நான் பணி ஓய்வு பெற்றவன். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். சிறுத்தைக் கணக்கெடுப்புத் திட்டம் நான்கு வருடத்துக்குத்தான். அது முடிந்த அன்று எனக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவருக்கும் அதே கடிகாரம்தான் தருவார்கள். இப்போது ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போன மாதம் புதுத் தன்னார்வலர்கள் ஆறு பேர் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் இருப்பது சிம் கார்டு போட்ட கேமரா. மிருகம் கடந்தால் படம் நேராக செல்போனுக்கு வந்துவிடுமாம். "உங்க காலத்துல எப்படிண்ணா பண்ணீங்க?" என்றார்கள். உங்க காலம்! வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் நரைமுடி தேடினேன். ஆனாலும் கேட்டுவிட்டார்களே, எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கட்டைவிரல் ரேகைதான் கையெழுத்து. தண்டலத்தில் விலங்கியல் படித்து முடித்து, இந்த வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"சிறுத்தையப் புடிக்கணுமாடா?"

"புடிக்கறது இல்லம்மா. போட்டோ எடுக்கறது."

"அதுக்கு கல்யாண போட்டோ எடுக்கப் போயிருந்தா சோறாவது போட்டிருப்பான்."

பயிற்சியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேமராவை முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்ட வேண்டும். சூரியன் நேராக அடிக்காதபடி வடக்கையோ தெற்கையோ பார்க்க வைக்க வேண்டும். முன்னால் ஆடுகிற புல்லை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்துப் படமும் புல்லாகத்தான் இருக்கும். பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா, ஏனென்றால் சிறுத்தையின் இடது விலாப் புள்ளியும் வலது விலாப் புள்ளியும் ஒன்றாக இருக்காது. அந்தப் புள்ளிகள்தான் அதன் அடையாளம். அப்பாவின் கட்டைவிரல் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். கடைசியில், கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் நான்கு காலில் அதன் முன்னால் தவழ்ந்து போக வேண்டும். எங்கள் தன்னார்வலர்கள் எல்லோரும் ஒரகடம், மறைமலை நகர்ப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள். நைட் ஷிப்ட் முடித்து, யூனிஃபார்மோடு, கழுத்தில் ஐடி கார்டு தொங்கத் தொங்கத் தவழ்வார்கள். அந்தப் படங்கள் எல்லாம் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

பத்திரமாக இருப்பதற்குக் காரணம் பிரேமா மேடம். கேமராவின் மெமரி கார்டில் விழுந்த எதையும் அழிக்க விட மாட்டார். எறும்பா, அதுவும் இருக்கட்டும். வெறும் புல்லா, எண் போட்டு வை. மேடம் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூன்று வயதுதான் மூப்பு. அவரிடம் யாராவது ஓடிவந்து "சிறுத்தையப் பாத்தேன்" என்றால் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்பார். "சிறுத்தையப் பாத்தேன்னு சொல்லாதீக. என்னத்தப் பாத்தீக, அதச் சொல்லுங்க." நிறம், உயரம், வால், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் போனது என்று வரிசையாகப் போகும். பாதிப் பேர் மூன்றாவது கேள்வியில் "நாயாக்கூட இருக்கலாம் மேடம்" என்று இறங்கிவிடுவார்கள்.

இன்னொரு சட்டம், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத்தான் கார்டு எடுப்பது. மற்ற நாளில் யாரும் கேமரா பக்கம் போகக் கூடாது. மனித வாடையும் நடமாட்டமும் குறைவாக இருக்க வேண்டும். கவர்னர் வந்து கேட்டாலும் சனிக்கிழமைதான்.

முனுசாமி அண்ணன் மட்டும் மேடத்தின் எந்தக் கேள்வியிலும் இறங்கவில்லை.

அவர் சந்தானம் சார் கம்பெனியின் பின்பக்க கேட்டில் காவல். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை, அதைத் தாண்டினால் காப்புக்காடு. ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், சுவரோரம் கசிந்து தேங்கும் தண்ணீரைக் குடிக்க ஒரு சிறுத்தை வந்ததைப் பார்த்திருக்கிறார். ஓடவில்லை, கத்தவில்லை. கேட் ரெஜிஸ்டரை எடுத்து, யார் வந்தாலும் எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டார். நேரம்: 5.40. வண்டி எண்: இல்லை. எங்கிருந்து: ஏரி. பார்க்க வேண்டியவர்: யாரும் இல்லை. வந்த நோக்கம்: தண்ணி. வெளியே போன நேரம்: 5.46. கையெழுத்து என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அடுத்த நாள் ஷிப்டுக்கு முப்பது பேர் வரவில்லை. உற்பத்தி லைன் நின்றது. குடித்துவிட்டு டூட்டியில் இருந்தார், வதந்தி பரப்பினார் என்று ஒரு வெள்ளிக்கிழமை அவரை அனுப்பிவிட்டார்கள். மாதம் பிறப்பதற்குள் நிரூபித்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார் சந்தானம் சார்.

சனிக்கிழமை காலை அவர் எங்கள் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேலை போனா போவுது மேடம், வேற கேட் இல்லாமலா பூடும். குடிச்சிட்டு எழுதிகினான்னு சொல்ட்டானுங்கோ. நான் டீ கூட சக்கரை கம்மியா குடிக்கற ஆளு. வூட்டுல மச்சான்காரன் ஃபோன் பண்ணி, 'இன்னா மாமா, எத்தினி சிறுத்தை தெரிஞ்சிது'ன்றான்."

மேடம் பதினான்கு கேள்வி கேட்டார். பதினான்குக்கும் பதில் வந்தது. அன்றே ஏரிக்கரைப் பாதையில், அவர் கைகாட்டிய இடத்தில், இரண்டு கேமரா கட்டினோம். தவழ்ந்து காட்டியது முனுசாமி அண்ணன்தான்.

அடுத்த சனிக்கிழமை கார்டில் மாடு, கீரி, ஒரு நாய்க் குடும்பம். நடுவே ஒரே ஒரு படம். விடியற்காலைப் பனி. படத்தின் ஓரத்துக்கு வெளியே போய்விட்ட ஏதோ ஒன்றின் பின்பாதி. இரண்டு பின்னங்கால், ஒரு நீண்ட வால். பனியும் ஃப்ளாஷும் சேர்ந்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்திருந்தன. ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. எதிர்க் கேமரா லென்ஸில் சிலந்தி வலை.

"நாய்" என்றார் சந்தானம் சார். "இல்லன்னா காட்டுப்பூனை."

"ரெண்டும் இருக்கலாம் சார்" என்றார் மேடம். "அளந்து பாத்துருவோம்."

அளப்பது எளிது. அதே கேமரா, அதே உயரம், அதே கோணம். மிருகம் நின்ற அதே இடத்தில், அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்துப் படம் எடுக்க வேண்டும். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உயரம் தெரிந்துவிடும். காட்டுப்பூனை முழங்காலுக்கு வராது. சிறுத்தை தொடையைத் தொடும்.

இந்த இடத்தில்தான் ஜோசப் அண்ணன் வருகிறார். அவர் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப். பதினெட்டு வருட சர்வீஸ். எங்கள் தன்னார்வலர்களில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாதவர்.

"ஜோசப் அண்ணே, ஒரு பலகை வேணும். பத்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டாப் போதும்" என்றார் மேடம்.

"கோடு போட்ட பலகையா?" ஜோசப் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மேடம், அது எவன் வேணா போடுவான். சிறுத்தைய அளக்கணும்னா சிறுத்தை மாதிரி இருக்கணும்ல?"

"சரி, அட்டையில பின்பாதி வெட்டிட்டு வாங்க. போதும்."

ஒரு வாரம் கழித்து அவர் கொண்டுவந்தது பின்பாதி அல்ல. பெரிய இயந்திரம் வரும் தடித்த அட்டைப்பெட்டியில் வெட்டிய முழுச் சிறுத்தை. மேடம் கொடுத்த அளவில் ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இல்லை. பளபளப்பு வந்தால் ஃப்ளாஷில் எரியும் என்று மேட் ஃபினிஷ். மஞ்சளுக்கு மேல் மஞ்சளாக மூன்று கோட்டிங். ஒவ்வொரு புள்ளியும் நடுவில் சற்று இருண்டு, ஓரத்தில் உடைந்து, வயிற்றுப் பக்கம் வர வரச் சிறுத்து. கண்ணில் ஒரு சொட்டு வார்னிஷ். பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு வந்தபோது டீக்கடையில் இரண்டு பேர் பெஞ்ச் மேல் ஏறினார்களாம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

மேடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நான் கேட்டது கோடு."

"பின்னாடி பாருங்க."

பின்பக்கம் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.

முதல் வரியில் நான் சொன்ன நாள் இதுதான். நால்வரும் அட்டையை நிறுத்தி, நகர்த்தி, படம் எடுத்து, மறுபடி நகர்த்தினோம். வெயில் ஏறியதும் பின்பாதிப் படத்தோடு வெளிச்சம் ஒத்துவரவில்லை. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் ஒருமுறை எடுத்தால்தான் சரியாக வரும் என்றார் மேடம். எங்களுக்கு எட்டு டீ வாங்கிவந்தேன், ஆளுக்கு இரண்டு.

கிளம்பும்போது அட்டையை எடுக்கப் போனேன். ஜோசப் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"இன்னா பண்ற வேலு? இது ஃபிக்ஸர், அளவுக்கு நிறுத்தற சட்டம். செட் பண்ணதுக்கு அப்பால ஃபிக்ஸரை நகத்தக் கூடாது. நகத்துனா முழு செட்டிங்கும் பூடும்."

நான் புத்தகத்தில் படித்தவன். பதினெட்டு வருட சர்வீஸ் சொல்வது எனக்கு நியாயமாகப் பட்டது. மேடம் ஏற்கெனவே ஜீப்பில் ஏறிவிட்டார். ஜோசப் அண்ணன் நான்கு ஆணி அடித்து சிறுத்தையைத் தரையோடு இறுக்கினார். கழுத்தில் ஒரு சிவப்பு டேக் கட்டினார். கம்பெனியில் மெஷின் ரிப்பேரில் இருந்தால் கட்டுவார்களே, அதே டேக். கட்டியவரைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. "நகர்த்தாதே. ஜோசப், பெயிண்ட் ஷாப்." கீழே எக்ஸ்டென்ஷன் நம்பர். நான் நோட்டில் எழுதினேன்: அளவுச் சட்டம் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

அன்று சாயங்காலம் சந்தானம் சார் கம்பெனி பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்பியது. ஜன்னலோரம் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

மீதியை ஊரே பார்த்தது. நாற்பது வினாடி வீடியோ, பின்னணியில் ஒரு அம்மா "ஐயோ பாக்குது, பாக்குது, நம்மளத்தான் பாக்குது" என்று அலறுகிறார். பஸ் ரிவர்ஸிலேயே போய் ஹைவேயில்தான் நின்றது. அரை மணி நேரம் கழித்து ஒரு தைரியசாலி கல்லெறிந்தார். பட்டென்று அட்டைச் சத்தம். அதற்குப் பிறகு கூட்டம் கூடி, சிரித்து, செல்ஃபி எடுத்துக் கலைந்தது.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை சந்தானம் சார் மேடத்துக்கு போன் போட்டார். "இதான் உங்க சிறுத்தையா? வாட்ச்மேன் பார்த்ததும் இதானே?"

"அவர் பாத்தது மூணு வாரம் முந்தி சார். அட்டை செஞ்சது போன வாரம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். ஃபைலை மூடிட்டேன்."

முனுசாமி அண்ணன் அன்று முழுக்க எங்கள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முன்பு ஒரு மச்சான்தான் கிண்டல் செய்தான். இப்போது ஏரியாவே செய்தது. "அட்டையப் பாத்து ரெஜிஸ்டர்ல எழுதினவன்ட்டானுங்கோ மேடம். குடிகாரன்னு சொன்னதே தேவலாம்போலகீது" என்றார். மாதம் பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது. இந்தக் கிண்டலுக்கு இடம் கொடுத்தவர்கள் நாங்கள். நியாயமாகப் பார்த்தால் பாதிக் குற்றம் அந்த நோட்டில் "பாதுகாப்பாக" என்று எழுதிய என்னுடையது.

ஜோசப் அண்ணனுக்கும் அவருடைய கம்பெனியில் மெமோ வந்தது. விளக்கம் ஏற்கப்படும் வரை ஏரிக்கரைப் பக்கம் போகக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சந்தானம் சார் தன் செக்யூரிட்டியிடம் அட்டையைப் பிடுங்கச் சொன்னார். செக்யூரிட்டி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். சிவப்பு டேக் போட்டிருக்கிறது சார், கட்டினவர்தான் அவிழ்க்கணும். கட்டியவரோ அந்தப் பக்கம் போகக் கூடாது. இந்தக் கம்பெனி வட்டாரத்தில் சிவப்பு டேக்கை மீறி எதையும் கழற்ற யாருக்கும் கை வராது. ஆக, வாரம் முழுக்க அந்தச் சிறுத்தை மட்டும் தன் டூட்டியில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னைக்கே கார்டப் பாத்துரலாமா மேடம்?" என்று புதன்கிழமை கெஞ்சினேன்.

"கிழமை என்ன?"

"புதன்."

"அப்புறம் என்ன கேள்வி?"

சனிக்கிழமை காலை ஏழு மணி. லேப்டாப்பில் கார்டைப் போட்டார் மேடம். முதலில் கல்லெறிந்த தைரியசாலி. பிறகு செல்ஃபிக் கூட்டம், நூற்றுக்கு மேல் படம். ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார், தாண்ட மாட்டார். கூட்டமெல்லாம் போன பிறகு, சாயங்காலம் ஆறு ஐந்துக்கு, தனியாக ஒருவர். டை கட்டியிருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். அடுத்த படத்தில் சிறுத்தையின் கழுத்தில் கைபோட்டு, மறுகையில் போனைத் தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து இளிக்கிறார். சந்தானம் சார்.

முனுசாமி அண்ணன் மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. எண் குறித்தார். அடுத்தது. மாடு. கீரி. மாடு. வியாழக்கிழமை, காலை 5.52.

படத்தில் இரண்டு சிறுத்தைகள்.

ஒன்று ஆணி அடித்து நின்றது. இன்னொன்று அதற்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் எழுந்து நின்று சிவப்பு டேக்கை முகர்ந்தது. எதிர்க் கேமராவில் இந்த முறை சிலந்தி இல்லை. வலது விலா முழுசாக விழுந்திருந்தது. இளைத்த மிருகம், வாலில் சேறு.

"அது ஏன் மேடம் பக்கத்துல போய் உக்காருது?" என்றேன்.

"தெரியாது. தெரியாதுன்னே எழுது" என்றார் மேடம்.

போனில் படத்தை அனுப்பியதும் ஜோசப் அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வேலு, உண்மையச் சொல்லு. ரெண்டுல என்னுதுதானே நல்லாகீது?"

பதினொரு மணிக்கு சந்தானம் சார் அறை. மேடம் லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, வரிசை மாற்றாமல், முதல் படத்திலிருந்து காட்டினார். ஆறு ஐந்து வந்தது. சாருடைய காது சிவந்தது.

"அது சும்மா... அதை டிலீட் பண்ணிடுங்க."

"கார்டுல விழுந்தத அழிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது சார்."

வியாழக்கிழமை வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுவும் அட்டைதான். இன்னொரு அட்டை."

"இந்தக் கேமரா உடம்புச் சூடு அசைஞ்சாத்தான் சார் படம் எடுக்கும். ஜோசப் அண்ணன் அட்டை வாரம் பூரா நின்னுது. தானா ஒரு படம் எடுக்கல. நீங்க போனப்ப எடுத்துச்சு. இது வந்தப்ப எடுத்துச்சு."

"சரி, ஏதோ ஒரு மிருகம். காட்டுப்பூனையா இருக்கலாம்ல? அந்த அட்டையோட அளவு சரின்னு நான் எப்படி நம்பறது? செஞ்சது உங்க ஆளு."

மேடம் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார். "சரியான கேள்வி. எங்க ஆளு வேண்டாம். உங்க உயரம் எவ்வளவு சார்?"

"எதுக்கு?"

"அதே கேமரா, அதே இடம். நீங்களும் நின்னுருக்கீக, அதுவும் நின்னுருக்கு. உங்கள வச்சே அளந்துருவோம்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சடி ஏழு அங்குலம்."

வாசலோரம் நின்ற முனுசாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "கேட்டாண்ட அளவுக்கோடு கீது மேடம். சார் அஞ்சடி அஞ்சுதான்."

"ரெண்டுக்கும் போடுவோம்" என்றார் மேடம். போட்டார். அஞ்சடி ஏழு என்றால் சிறுத்தையின் தோள் உயரம் அறுபத்து நான்கு சென்டிமீட்டர். அஞ்சடி அஞ்சு என்றால் அறுபத்து இரண்டு. எந்தக் காட்டுப்பூனையும் கனவில்கூட அந்த உயரத்துக்கு வளராது. அறிக்கையில் அளவுகோல் என்ற இடத்தில் 'மனிதர், ஆண்' என்று நிரப்பி, அளவுகோல் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினார். முகத்தை மறைத்துத்தான் அச்சிடுவோம் என்றதும் சார் போட்டார். போட்ட பிறகுதான், தான் எதற்குச் சாட்சியாகியிருக்கிறோம் என்று புரிந்தது.

திங்கட்கிழமை முனுசாமி அண்ணன் கேட்டில் இருந்தார். ஆனால் வேலையில்லாத நாளுக்கு ஐந்நூறு ரூபாய் தினச் சம்பளம் கிடையாது என்றது செக்யூரிட்டி ஏஜென்சி. அது ஏஜென்சி விஷயம் என்றது கம்பெனி. மேடம் வலது விலாப் படத்தை நன்றாகப் பிரிண்ட் போட்டு, இடம் தெரியாதபடி ஓரத்தை வெட்டி, மேஜைமேல் வைத்திருந்தார். புதன்கிழமை அவரைத் தேடி சந்தானம் சார் வந்தார். அறிக்கையில் இருந்த படத்தை எம்.டி. பார்த்தாராம், வரவேற்பறையில் பெரிதாக மாட்ட வேண்டுமாம். எங்கள் வளாகம் எவ்வளவு பசுமை என்று வருகிறவர்களுக்குத் தெரியும் அல்லவா?

"மாட்டுங்க சார். படத்துக்குக் காசு வேண்டாம். செலவை மட்டும் குடுத்துருங்க" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார். "வேலு, கடைசி வரி எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அட்டை, இனாம். பெயிண்ட், மிச்சம். டீ எட்டு, பன்னிரண்டு வீதம் தொண்ணூற்றாறு. நேரில் பார்த்து நேரத்தோடு பதிவு செய்த நிபுணர் திரு. முனுசாமி அவர்கள், இருபத்து நான்கு நாளில் ஞாயிறு நான்கு போக இருபது நாள், ஒரு நாளைக்கு ஐந்நூறு. ஆக மொத்தம் பத்தாயிரத்துத் தொண்ணூற்றாறு ரூபாய்.